பத்து வயதுப் பிள்ளைக்கு எந்த மாயக்கதையைக் கொடுப்பது?

அக்கா மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகத்தையும் ஒரே கட்டாக வாங்கிக் கொடுத்தேன். கெட்டி அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிய அழகான பதிப்பு. அடுத்த தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது அந்தப் பெட்டி மேசை விசிறிக்கு அடியில் இருந்தது. விசிறிக் காற்று கட்டிலுக்கு எட்டவில்லையாம், இதை வைத்ததும் உயரம் கச்சிதமாக அமைந்துவிட்டதாம்.

"எதுவரைக்கும் படிச்சே?" என்று கேட்டேன்.

"புகையிலை வரைக்கும், சித்தி."

அவள் சொன்னது சரிதான். அந்த நாவலில் கதை உடனே தொடங்காது. முதலில் ஒரு நீண்ட முன்னுரை வரும். ஹாபிட்டுகள் என்ற குட்டை மனிதர்கள் யார், அவர்களுடைய பழக்கவழக்கம் என்ன, அவர்கள் குழாயில் வைத்துப் புகைக்கும் இலை எங்கிருந்து வந்தது என்பதற்குத் தனியாக ஒரு பகுதி. இதையெல்லாம் தாண்டித்தான் முதல் அத்தியாயம். அதற்கப்புறமும் மோதிரம் கதாநாயகன் ஃப்ரோடோவின் கைக்கு வந்து, அவன் ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் 17 வருடம் ஓடிவிடும். நான் அதை இருபது வயதில் படித்து மயங்கினேன். அவளுக்குப் பத்து. எனக்குப் பிடித்ததை அவளுக்குக் கொடுத்தேனே தவிர, அவளுக்கு எது பிடிக்கும் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளிடம், அவள் தம்பியிடம், எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஐந்தாறு பிள்ளைகளிடம் என்று புத்தகம் கொடுத்துக் கொடுத்துக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஓரளவு படிக்கிற ஒரு பிள்ளையை ஃபேன்டஸி பக்கம் இழுக்க நினைக்கும் அம்மா, அப்பா, மாமா, அத்தை, வாத்தியார் யாருக்கும் இது உதவலாம். இலக்கியப் பத்திரிகைகள் இந்த வகையை மிகுபுனைவு என்கின்றன. பிள்ளையிடம் அப்படிச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள், ஓடிவிடும். மாயக்கதை என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் பிள்ளையை விசாரியுங்கள்

"உனக்கு என்ன புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்டால் நமக்குப் பிடித்த பதில்தான் வரும். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். கடைசியாக எந்தக் கதைக்காகச் சாப்பாட்டை மறந்தாய்? புத்தகமாக இருக்க வேண்டியதில்லை. சினிமா, கார்ட்டூன், கேம் எதுவானாலும் சரி. ஒரு கதையில் எந்த இடம் வந்தால் தாவிப் போவாய்? பாதியில் விட்ட புத்தகத்தை எந்த இடத்தில் விட்டாய்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் தங்கம். "ஊரை வர்ணிச்சுக்கிட்டே இருந்தாங்க" என்று சொன்னால் உரையாடல் நிறைந்த புத்தகம் வேண்டும். "யார் யாருன்னே தெரியல" என்றால் பாத்திரங்கள் குறைவான கதை. "பயமா இருந்துச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னால், முகத்தையும் கவனியுங்கள். சில பிள்ளைகள் அதைக் குறையாகச் சொல்வதில்லை.

கீழ்வீட்டுப் பையன் ஒருவன் தனக்குப் புத்தகமே பிடிக்காது என்றான். ஆனால் நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்க அவன் விளையாடும் கேமுக்கு வரைபடம் போட்டு வைத்திருந்தான், ரகசியக் கதவு எங்கே, புதையல் எங்கே என்று. அவனிடம் 'தி ஹாபிட்' புத்தகத்தைக் கொடுத்து, "கதையைப் படிக்க வேணாம், இந்த மேப்ல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் கண்டுபிடி" என்றேன். அந்த வரைபடத்தில் ரூன் எழுத்துகளில் குறிப்புகள் இருக்கும். பழைய ஆங்கிலோ சாக்சன் எழுத்துகள்தான், ஆனால் அவற்றில் எழுதியிருப்பது சாதாரண ஆங்கிலம். பொறுமையாக எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். மறுநாள் காலை ஒரு தாளில் முழு அட்டவணையும் போட்டுக்கொண்டு வந்து நின்றான். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இனி கதையைப் படித்துத்தானே ஆக வேண்டும்.

காதுக்கு ஒரு வயது, கண்ணுக்கு ஒரு வயது

புத்தகத்தின் பின்னட்டையில் 9 முதல் 12 வயது என்று போட்டிருந்தால், அது வீட்டிலேயே ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குப் போட்ட கணக்கு. நம் பிள்ளைகளுக்குக் கண்ணால் படிக்கிற ஆங்கிலம் ஒன்றிரண்டு வருடம் பின்னால் இருக்கலாம். கதையைப் புரிந்துகொள்ளும் மனசு பின்னால் இருப்பதில்லை. இதை மறந்துவிட்டு, ஆங்கிலம் எளிதாக இருக்கிறதே என்று பதினோரு வயதுப் பிள்ளைக்கு ஆறு வயதுக்கான கதையைக் கொடுத்தால் அது நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே!

இதற்கு வழி, வாசித்துக் காட்டுவதுதான். ராத்திரி பதினைந்து நிமிடம் போதும். ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசியுங்கள். முகம் சுருங்கினால் அதையே தமிழில் சொல்லிவிட்டு மேலே போங்கள். சொல்லுக்குச் சொல் அர்த்தம் சொல்லப் போனால் அது டியூஷன் ஆகிவிடும். நல்ல இடத்தில் சட்டென்று நிறுத்தி விளக்கை அணைத்துவிடுங்கள். அம்புலிமாமாவில் வேதாளம் ஒவ்வொரு இதழிலும் கேள்வி கேட்டுவிட்டு முருங்கை மரத்துக்குத் திரும்பிய உத்தியேதான். நாலாவது நாள் பிள்ளை உங்களுக்காகக் காத்திருக்காமல் தானே எடுத்துப் படிக்கத் தொடங்கினால் கண்டுகொள்ளாதது மாதிரி இருங்கள்.

எங்கே ஆரம்பிப்பது

என்னைக் கேட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் புத்தகம் இ. நெஸ்பிட் எழுதிய 'ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்'. 1902ல் வந்தது. ஐந்து குழந்தைகள் மண் தோண்டும்போது ஒரு விசித்திரப் பிராணி அகப்படுகிறது. நத்தைக்கு இருப்பதுபோல் கொம்பு நுனியில் கண், வெளவால் காது. எரிந்து எரிந்து விழும் அந்தப் பிராணி ஒரு நாளைக்கு ஒரு வரம் தரும், ஆனால் பொழுது சாய்ந்ததும் வரம் போய்விடும். பேரழகு வேண்டும் என்று கேட்கிறார்கள். வீட்டில் வேலைக்காரிக்கே அடையாளம் தெரியாமல் கதவைச் சாத்திவிடுகிறாள். நிறையத் தங்கக் காசு கேட்கிறார்கள்; கடையில் அதை வாங்க ஆளில்லை. அனேகமாக அத்தியாயத்துக்கு ஒரு வரம், ஒரு வம்பு. ஒரு ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் என்று அளந்து எழுதினது போல இருக்கும். இதன் காப்புரிமை முடிந்துவிட்டதால் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன், செவ்விந்தியர்களும் நாடோடிகளும் வரும் இடங்களில் அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பார்வை அப்படியே இருக்கும். வாசித்துக் காட்டுபவர் அந்த இடத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம்.

இரண்டாவது, 'தி ஹாபிட்' (1937), 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதைக்கு முன்னால் நடப்பதாக டோல்கீனே எழுதியது. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் கையெழுத்துப் பிரதியைத் தன் பத்து வயது மகன் ரேய்னரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். பையன் ஒரு ஷில்லிங் கூலி வாங்கிக்கொண்டு, இது ஐந்திலிருந்து ஒன்பது வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தான். தான் பத்து வயதுப் பெரியவன் என்ற மிடுக்கு! புத்தகம் அச்சேறியதில் அந்தச் சீட்டுக்கும் பங்கு உண்டு. 19 அத்தியாயம். கதைசொல்லி நடுநடுவே நம்மிடம் திரும்பிப் பேசுவார், பாட்டி கதை சொல்வது போல. முதல் அத்தியாயத்தில் 13 குள்ளர்கள் வரிசையாக வந்து கதாநாயகன் பில்போவின் வீட்டுத் தின்பண்டங்களைக் காலி செய்வார்கள். பெயர்கள் எல்லாம் ஒன்றுபோல் ஒலிப்பதால் பிள்ளைகள் அங்கே குழம்பும். "பெயரை விடு, கூட்டமா வந்திருக்காங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுங்கள். ஐந்தாவது அத்தியாயத்தில் இருட்டுக் குகைக்குள் விடுகதைப் போட்டி வரும். பில்போ தோற்றால் கோலம் (Gollum) என்ற குகைப்பிராணி அவனைத் தின்றுவிடும். விடையைச் சொல்லாமல் ஒவ்வொரு விடுகதைக்கும் நிறுத்தி, பிள்ளையை யோசிக்க விடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே போனது. அக்கா மகள் பதிலுக்கு நம் ஊர் விடுகதைகளைப் போட்டுக் கோலத்தை மடக்கப் பார்த்தாள்.

நார்னியா: எதை முதலில் படிப்பது?

சி. எஸ். லூயிஸின் நார்னியா ஏழு புத்தகம். கடையில் பெட்டியாக வாங்கினால் முதுகில் 1 என்று போட்டிருப்பது 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'. அதை எடுக்காதீர்கள். அது 1955ல், ஆறாவதாக வெளிவந்தது. நார்னியா எப்படி உண்டாயிற்று என்ற முன்கதை. இப்போதைய பதிப்புகள் கதை நடக்கும் கால வரிசைப்படி எண் போடுகின்றன. ஒரு சிறுவன் கேட்டபோது லூயிஸே கால வரிசைக்கு ஆதரவாகத்தான் பதில் எழுதினார், எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் சொன்னாலும் எனக்கு உடன்பாடில்லை. 1950ல் வந்த 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'தான் வாசல். லூசி அலமாரிக்குள் நுழைகிறாள், கோட்டுகள் முடிந்து பனி தொடங்குகிறது, காட்டு நடுவில் ஒரு தெருவிளக்கு எரிகிறது. காட்டில் எதற்கு விளக்குக் கம்பம்? அந்தக் கேள்வியோடு பிள்ளை ஐந்து புத்தகம் நடக்க வேண்டும். விடையை முதலிலேயே கொடுத்துவிட்டால் அப்புறம் அது வெறும் கம்பம்.

இந்தப் புத்தகத்தில் நம் பிள்ளைகள் தட்டுத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எட்மண்ட் என்ற பையன் ஒரு பெட்டி டர்கிஷ் டிலைட்டுக்காகக் கூடப்பிறந்தவர்களையே காட்டிக்கொடுக்கத் துணிகிறான். அது என்ன பண்டம் என்று தெரியாவிட்டால் அவன் வெறும் முட்டாளாகத் தெரிவான். மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, பன்னீர் மணத்தோடு துண்டு போட்ட மிட்டாய். நம் ஊரில் சோளமாவில் கிண்டும் பம்பாய் அல்வா அதற்கு ரொம்பக் கிட்ட வரும். நான் நூறு கிராம் வாங்கி வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தை வாசித்தேன். கூடவே இதையும் சொன்னேன்: போருக்குப் பின் இங்கிலாந்தில் மிட்டாய்க்கு ரேஷன் இருந்தது, 1953ல்தான் அது நீங்கியது. இந்தப் புத்தகம் வந்தபோது அதைப் படித்த பிள்ளைகளுக்கும் பெட்டி நிறைய மிட்டாய் என்பது கனவுதான். அக்கா மகள் மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டே, "அப்போ எட்மண்ட் மேல தப்பு பாதிதான்" என்று தீர்ப்பு சொன்னாள்.

ஏழையும் வாங்க வேண்டியதில்லை. முதலாவது பிடித்தால் 'தி வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்', கப்பல் பயணம், தீவுக்குத் தீவு ஒரு கதை. 'தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்', 'தி லாஸ்ட் பேட்டில்' இரண்டிலும் தலைப்பாகை கட்டிய, கறுத்த நிறத்துக் கலோர்மென் மக்களை லூயிஸ் பெரும்பாலும் கொடியவர்களாகவே காட்டுகிறார். நல்லவர்களும் இருக்கிறார்கள், ஆனால் விரல்விட்டு எண்ணலாம். நம் பிள்ளை அதைக் கவனிக்காமல் இருக்காது. ஒளித்து வைப்பதைவிட, படித்த பிறகு கேட்டுப் பேசுவது நல்லது. அப்படிப் பேசியதிலிருந்துதான் நான் அடுத்த புத்தகத்துக்குப் போனேன்.

எர்த்ஸீயும் ப்ரிடெய்னும்

இந்த இரண்டையும் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் கண்ணில் படுவது குறைவு, பரிந்துரைப்பவர்களும் குறைவு.

உர்சுலா லெ குவினின் 'ஏ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968ல் வந்தது. தீவுகளாலான உலகம். ஆடு மேய்க்கும் ஒரு பையன் மந்திரம் கற்கப் பள்ளிக்குப் போகிறான். அங்கே சகமாணவன் ஒருவன் சீண்ட, வீம்புக்காகச் செத்தவர்களின் ஆவியை அழைக்கிறான். திறந்த வாசல் வழியாக வேறொன்று உள்ளே வந்துவிடுகிறது. பெயரும் உருவமும் இல்லாத ஒரு நிழல். மீதிக் கதை முழுக்க அது அவனைத் துரத்துகிறது, ஒரு கட்டத்தில் அவன் திரும்பி நின்று அதைத் துரத்துகிறான். முடிவு என்ன என்று என் வாயிலிருந்து வராது.

அந்த உலகத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஊர் கூப்பிடுவது ஒன்று, உண்மைப் பெயர் இன்னொன்று. உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கு உன் உயிரே கைவசம், அதனால் மிக நெருங்கியவரிடம் மட்டும்தான் சொல்வார்கள். வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெட்ச் என்ற நண்பன் ஒரு கட்டத்தில் கதாநாயகனிடம் தன் உண்மைப் பெயரைக் கேட்காமலே சொல்லுவான். அதைவிடப் பெரிய நட்புக் காட்சியை நான் பிள்ளைகள் புத்தகத்தில் படித்ததில்லை.

கதாநாயகன் கெட் செம்பழுப்பு நிறம். அந்த நண்பன் நல்ல கறுப்பு. கொள்ளையடிக்க வருகிறவர்கள்தான் வெள்ளைத்தோல், மஞ்சள் முடி. லெ குவின் இதை வேண்டுமென்றே செய்தார், ஆனால் முரசு கொட்டவில்லை. போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். பல பதிப்புகளின் அட்டையில் ஓவியர்கள் அவனை வெள்ளைக்காரப் பையனாகவே வரைந்து தள்ள, அவர் பல வருடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனார். நானும் அட்டையைப் பார்த்துவிட்டு அந்த வரியைக் கவனிக்காமல் கடந்தவள்தான். அக்கா மகள் பிடித்துக்கொண்டாள். "சித்தி, இவன் நம்ம கலரு" என்று அட்டையை என் முன்னால் நீட்டி, "அப்போ இது யாரு?" என்றாள்.

ஒரு எச்சரிக்கை. இது மெல்லிய புத்தகம், 10 அத்தியாயம்தான், ஆனால் நடை சுருக்கமும் கனமுமானது. பேச்சு குறைவு, சிரிப்பு ரொம்பக் குறைவு. 'ஹாபிட்' முடித்த கையோடு கொடுத்தால் உப்புச் சப்பில்லை என்பார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில், மனசு கொஞ்சம் தனிமையைத் தேடும்போது கொடுங்கள். இரண்டாவது 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' (1971) ஒரு பெண்ணின் கதை. ஐந்தாறு வயதில் வீட்டிலிருந்து பிரித்துக் கோயிலுக்குக் கொண்டுபோய், பெயரையும் பிடுங்கிக்கொண்டு, நீதான் மறுபிறவி எடுத்த பூசாரி என்று சொல்லி வளர்க்கிறார்கள். விளக்கே ஏற்றக் கூடாத நிலவறையில் சுவரைத் தடவித் தடவி அவள் வழி படிப்பாள். முதல் புத்தகத்தின் நாயகன் வந்து சேரவே நேரமாகும். 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' (1972) மூன்றாவது. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். நாலாவதான 'டெஹானு' 1990ல், பதினெட்டு வருடம் கழித்து வந்தது. தீயில் கருக்கப்பட்ட ஒரு குழந்தை அதில் வருகிறாள். பெரியவர்களுக்கான வலி அது. பதினைந்துக்கு முன் வேண்டாம்.

ப்ரிடெய்ன் வேறு சுவை. லாயிட் அலெக்ஸாண்டர், வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளிலிருந்து சரக்கெடுத்து 1964 முதல் 1968 வரை வருடத்துக்கு ஒன்றாக ஐந்து புத்தகம் எழுதினார். நாயகன் டேரன் ஒரு பன்றி மேய்ப்பவன். சரியாகச் சொன்னால் உதவிப் பன்றி மேய்ப்பவன். வீரனாக வேண்டும் என்று துடிக்கிறான். கூடவே ஃப்ளெவ்டர் என்ற பாணர். யாழும் கையுமாகத் திரியும் அவர் கொஞ்சம் அளந்துவிட்டாலும் யாழில் ஒரு நரம்பு பட்டென்று அறுந்துவிடும். பாவம், அவரால் அளக்காமல் இருக்கவும் முடியாது. எங்கள் வீட்டில் யாராவது பீலா விட்டால் இப்போதும் பிள்ளைகள் "டங்!" என்கிறார்கள்.

முதல் புத்தகம் 'தி புக் ஆஃப் த்ரீ' சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். ஓட்டமும் சண்டையுமாகப் போகும், டோல்கீனின் சாயலும் தெரியும். அதற்காகத் தொடரை விட்டுவிடாதீர்கள். நாலாவது, 'டேரன் வாண்டரர்', இதற்காகத்தான் ஐந்தையும் சிபாரிசு செய்கிறேன். தான் யார் பெற்ற பிள்ளை என்று தேடிக் கிளம்பும் டேரன், வழியில் ஒரு கொல்லரிடம் வேலை கற்கிறான், ஒரு நெசவுக்காரப் பாட்டியிடம் தறி கற்கிறான், கடைசியில் ஒரு குயவரிடம் வந்து சேர்கிறான். சக்கரத்தில் மண் எழுவதைப் பார்த்ததும், இதுதான் என் வேலை என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. ராப்பகலாக முயல்கிறான். கை வரவில்லை. மற்ற இரண்டும் வந்தன. ஆசைப்பட்ட இது மட்டும் வரவில்லை. கடைசி நொடியில் அற்புதம் எதுவும் நடக்காது. குயவரும் பொய்யாகத் தேற்ற மாட்டார். பாட்டு வகுப்பிலிருந்து பாதியில் நின்ற அக்கா மகன் அந்த அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கடைசிப் புத்தகமான 'தி ஹை கிங்' 1969ன் நியூபெரி பதக்கம் என்ற அமெரிக்கச் சிறுவர் நூல் விருதைப் பெற்றது. நாலாவதைத் தாண்டாமல் அதை எடுத்தால் பாதி ருசிதான்.

பிள்ளைக்குத் தக்கபடி

சிரிக்க மட்டும் ஆசைப்படும் பிள்ளைக்கு டயானா வின் ஜோன்ஸின் 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' (1986). மூன்று பெண்களில் மூத்தவளான சோஃபி, மூத்த பிள்ளைக்குக் கதையில் அதிர்ஷ்டம் கிடையாது என்று தானே முடிவு கட்டிக்கொண்டு தொப்பி தைக்கிறாள். சாபத்தில் தொண்ணூறு வயதுக் கிழவியானதும்தான் அவளுக்கு வாயும் தைரியமும் வருகிறது. 2004ல் ஜப்பானிய இயக்குநர் மியாசாகி இதைக் கார்ட்டூன் படமாக எடுத்தார். படம் அற்புதம், ஆனால் கதை வேறு பாதையில் போய்விடும். படத்தைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லும் பிள்ளைக்கும் புத்தகத்தில் மிச்சம் நிறைய இருக்கிறது.

'தி ஃபேன்டம் டோல்பூத்' (1961) எல்லாப் பட்டியலிலும் இருக்கும். ஆங்கில மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு விளையாடும் புத்தகம். விருந்தில் அவரவர் பேசிய வார்த்தையை அவரவரே தின்ன வேண்டும். அந்த மரபுத்தொடர் ஏற்கெனவே காதில் விழுந்த பிள்ளைக்குச் சிரிப்பு தாங்காது. விழாத பிள்ளைக்கு அது வீட்டுப்பாடம். அவசரப்படாதீர்கள்.

பிராணிகளும் சாப்பாடும் பிடித்த பிள்ளைக்கு பிரையன் ஜேக்ஸின் 'ரெட்வால்' (1986). லிவர்பூலில் பார்வையற்ற பிள்ளைகள் பள்ளிக்குப் பால் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தவர், அந்தப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்ட எழுதிய கதை. அதனால்தான் விருந்து வந்தால் நாக்கில் ருசி தெரியும்வரை விடமாட்டார். சத்தமாக வாசிக்க அருமை. அகழெலிகள் பேசும் கிராமத்து ஆங்கிலம் மட்டும் பிள்ளைகளைத் திணறடிக்கும். அதை மதுரைத் தமிழிலோ கொங்குத் தமிழிலோ மாற்றி நான் வாசித்துவிடுவேன்.

பயம் பிடித்த பிள்ளைக்கு சூசன் கூப்பரின் 'தி டார்க் இஸ் ரைசிங்' (1973). ஐந்தில் இது இரண்டாவது, ஆனால் இதிலிருந்தே தொடங்கலாம். முதலாவது கொஞ்சம் சின்னப்பிள்ளைப் புதையல் வேட்டை. கதை டிசம்பர் 20 அன்று தொடங்கிப் பனிக்குள் ஓடும். மார்கழிக் குளிரில் போர்வைக்குள் படித்தால் நமக்கும் கொஞ்சம் ஒட்டும்.

தனியாக உட்கார்ந்து கனவு காணும் பிள்ளைக்கு ஜெர்மன்காரரான மைக்கேல் எண்டேயின் 'தி நெவர் எண்டிங் ஸ்டோரி' (1979). இரண்டு வண்ண மையில் அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். நம் உலகம் ஒரு நிறம், கதைக்குள் இருக்கும் உலகம் இன்னொன்று. கறுப்பு மையில் மட்டும் வரும் பதிப்பில் அந்தச் சுகம் போய்விடும். 1984ல் வந்த படம் பாதிக் கதையோடு முடிந்துவிடுகிறது. கேட்டதெல்லாம் கிடைக்கக் கிடைக்கப் பையன் தன் நினைவை ஒவ்வொன்றாக இழக்கும் பின்பாதிதான் புத்தகத்தின் உயிர்.

வீட்டில் விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை என்றால் சல்மான் ருஷ்டி தன் மகனுக்காக எழுதிய 'ஹரூன் அண்ட் தி ஸீ ஆஃப் ஸ்டோரீஸ்' (1990). கதைசொல்லி அப்பாவுக்குக் கதை வற்றிவிடுகிறது. மகன் கதைக்கடலைத் தேடிப் போகிறான். அந்தக் கடல், பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தின் எதிரொலி. வேதாளம் சொன்ன கதைகளும் அதே நூலுக்குள் இருக்கின்றன.

வாங்குவதும் இரவல் வாங்குவதும்

தொடரை மொத்தமாக வாங்காதீர்கள். ஒன்று வாங்குங்கள், அது கேட்டால் அடுத்தது. பெட்டி பரிசாகப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஏழு புத்தகம் அலமாரியில் நின்று முறைத்தால் பிள்ளைக்கு முதல் பக்கமே பாரம்.

நடைபாதையில் வாங்கினால் கையில் வைத்துப் பக்க எண்களைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை வாங்கிவந்த 'ஹாபிட்'டில் நடுவில் 16 பக்கம் காணோம். விடுகதைப் போட்டியில் பாதி அதோடு போயிற்று. அச்சகத்தில் ஒரு மடிப்பு விட்டுப்போனால் இப்படித்தான் எட்டு, பதினாறு என்று கொத்தாகப் போகும். 'அப்ரிட்ஜ்டு' என்று அட்டையில் சின்னதாகப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சாகசக் கதையைச் சுருக்கினால் எலும்பாவது மிஞ்சும். 'ஆலிஸ்'ஸைச் சுருக்கினால் ஒன்றும் மிஞ்சாது, அதில் கதையே பேச்சுதான். ஆலிஸ் (1865), 'தி வொண்டர்ஃபுல் விசர்ட் ஆஃப் ஆஸ்' (1900) இரண்டும் முழுசாகவே இலவசமாக இணையத்தில் கிடைக்கும்போது சுருக்கத்துக்குக் காசு எதற்கு?

சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய் மூன்று புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கம் படிக்கச் சொல்லுங்கள். எதை மூட மனசில்லாமல் மூடுகிறதோ அதை வாங்குங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக் கண்காணிப்பாளர் மாதிரி பார்க்க வேண்டாம், கேன்டீனுக்குப் போய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

ஐம்பது பக்கம்

ஐம்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இது எங்கள் வீட்டுச் சட்டம். விட்ட புத்தகத்தை யாருக்கும் கொடுக்காமல் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுவேன். "இன்னும் முடிக்கலையா?" என்று கேட்பதில்லை. "கதை என்ன, சொல்லு பார்ப்போம்" என்று உறவினர் முன்னால் நிறுத்துவதும் இல்லை; அதைவிட வேகமாகப் படிப்பை வெறுக்க வைக்கும் வழி எனக்குத் தெரியாது. படித்த பிள்ளை தானாகப் பேசும். பேசும்போது முடிவு தெரியாதவள் போல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் கழித்தோ மூன்று வருடம் கழித்தோ புத்தகம் மறுபடி கைக்கு வரும். அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது 'ஹாபிட்'டில் வந்த மோதிரத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள். விசிறிக்கு அடியில் இருக்கிறது என்றேன். இம்முறை முன்னுரையை மொத்தமாகத் தாண்டி, நேராக பில்போவின் 111வது பிறந்தநாள் விருந்திலிருந்து தொடங்கச் சொன்னேன். மூன்று பாகமும் அந்தக் கோடை விடுமுறையில் முடிந்தது. முடித்த பிறகு முன்னுரைக்குத் திரும்பிப் போய், புகையிலைப் பகுதியையும் விடாமல் படித்தாள்.

விசிறிக்கு அக்கா இப்போது ஒரு செங்கல் வைத்திருக்கிறாள்.